பத்து ரூபாய்ப் போணி

சிரிக்காதீங்கண்ணே. கண்ணாடியில தெரியுது நீங்க சிரிக்கிறது. நான் ஃபோன்ல பேசுனதக் கேட்டுட்டுத்தான சிரிக்கிறீங்க? "குருசாமிண்ணே, நான் வந்து அழுதாலும் சரி, கால்ல விழுந்தாலும் சரி, எங்காசை எங்கிட்டக் குடுத்துறாதீங்க"ன்னு ஒரு பொம்பள ஆட்டோ ஓட்டிக்கிட்டே கத்துனா யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். நல்லாச் சிரிங்க. ஆனா கூறுகெட்டவன்னு மட்டும் நெனச்சுறாதீங்க. இந்த வண்டிய பதினோரு வருசமா ஓட்டுறேன். மதுரையில எந்தச் சந்துக்குள்ள விட்டாலும் கண்ணக் கட்டிக்கிட்டு வெளிய வந்துருவேன். ஒச்சம்மான்னா ஸ்டாண்டுல ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்.

திருநகருதான? இந்த நெரிசல்ல முக்கா மணி நேரம் ஆகும். சொல்றேன், கேளுங்க.

எனக்கு மாசத்துல இருவதாயிரம் கையில நிக்கும், பெட்ரோல் போக. அதுல ரெண்டாயிரம் ஒண்ணாந்தேதி தானாப் போயிரும். நான் பல்லு வெளக்குறதுக்கு முன்னாடி போயிரும். பேங்குல எழுதிக் குடுத்துட்டேன். இன்னொரு கணக்குக்குப் போகுது. அதுவும் என் பேருல உள்ளதுதான், ஆனா கார்டும் ரகசிய நம்பரும் குருசாமி அண்ணங்கிட்ட. என் ஸ்டாண்டுலயே மூத்த டிரைவர் அவரு. வாயத் தொறந்தா குத்தம்தான் சொல்வாரு. அவருக்கு என்மேல நம்பிக்கை கெடையாது. அதனாலதான் அவருகிட்டக் குடுத்தேன். என்னைய நம்புற ஆளுகிட்டக் குடுத்தா நான் ஏமாத்திருவேன்ல?

அந்தக் காசு எதுக்குன்னு கேளுங்க. பெரிய ஆஸ்பத்திரி இருக்குல்ல, அங்க டிஸ்சார்ஜ் பண்ணிக் கையில சீட்டக் குடுத்துருவாங்க. வைத்தியம் இலவசம். ஊருக்குப் போறது? பத்து நாள் பதினஞ்சு நாள் அங்கயே கெடந்து, இருந்ததெல்லாம் டீக்கும் பன்னுக்கும் கரைஞ்சிருக்கும். பஸ்ஸுக்குக் காசிருக்காது. வாசல்ல வந்து நிப்பாங்க. யாருகிட்டயும் கேக்க மாட்டாங்க. சும்மா நிப்பாங்க. ஆட்டோக்காரங்களுக்குத்தான் அது தெரியும். சவாரிக்கு நிக்கிறவன் ரோட்டப் பாப்பான், காசில்லாம நிக்கிறவன் தரையப் பாப்பான். அவங்களுக்கு ஊருக்குப் போற காசு. அம்புட்டுத்தான். வேற ஒண்ணுமில்ல.

இன்னைக்கிக் காலையில நான்தான் ஃபோன் போட்டு, "கார்டக் கொண்டாங்கண்ணே, வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டணும், நாலு நாள்தான் இருக்கு"ன்னு கேட்டேன். இப்ப நான்தான் குடுக்காதீங்கன்னு சொல்றேன். ரெண்டும் நான்தான். அவரு என்ன சொன்னாருன்னு கேட்டீங்களா? "நீ கேட்டப்பவே நான் தர்றதா இல்லடி, எதுக்குப் பெட்ரோல் செலவழிச்சு ஃபோன் பேசுற"ங்கிறாரு. ஃபோனுக்கு எதுக்குப் பெட்ரோலு? அவரு பேச்சே அப்படித்தான்.

ஏய்! லேய்! இண்டிகேட்டர் போட்டுட்டுத் திரும்புடா! பாத்தீங்களாண்ணே, நம்மளத்தான் மொறச்சுட்டுப் போறான்.

எங்க வீட்டுக்காரரு லேத் பட்டறையில இருக்காரு. தங்கமான மனுசன். குடி, பீடி ஒண்ணும் கெடையாது. ஆனா இந்த விசயத்துல மட்டும் எனக்கும் அவருக்கும் ஆகாது. "குடுக்க வேணாம்னா சொல்றேன் ஒச்சு, எல்லாச் செலவும் போக மிச்சம் இருந்தாக் குடு"ம்பாரு. மிச்சம்! எங்க வீட்டுல மிச்சம்னு ஒண்ண நான் கண்ணால கண்டதில்ல. கேஸ் சிலிண்டர் வரும், கரண்டு பில்லு வரும், நாத்தனா வீட்டுச் சடங்கு வரும், மிச்சம் மட்டும் வராது. வண்டி மேல வாங்குன கடனுக்கு மாசாமாசம் டியூ கட்டுறோமே, அந்த பைனான்ஸ்காரன் மிச்சம் இருந்தாக் கட்டுங்கன்னா சொல்றான்? அஞ்சாந்தேதி தாண்டுனா வீட்டு வாசல்ல வந்து நிக்கிறான்ல? அவனுக்கு மொதல்லயே எடுத்து வைக்கிறோம். பயம். வாசல்ல தரையப் பாத்து நிக்கிறானே, அவன் வந்து நம்ம வீட்டுக் கதவத் தட்டப் போறதில்ல. அதான் அவனுக்கு மிச்சத்துல பாத்துக்கிருவோம்ங்கிறோம். இதச் சொன்னா எங்க வீட்டுக்காரரு டிவி பாக்கப் போயிருவாரு.

என்ன? ஆமா, மொதல்லருந்தே இப்படித்தான்... இல்ல. இல்லண்ணே. இந்தப் பேங்கு, கார்டு எல்லாம் போன வருசம் வந்ததுதான். அதுக்கு முன்னாடி வேற மாதிரி வச்சிருந்தேன். போணி.

காலையில மொதச் சவாரியில வர்ற காசு இருக்குல்ல, போணிக் காசு, அது அப்படியே டப்பாவுக்குப் போயிரும். பிஸ்கட் டின் ஒண்ணு சீட்டுக்கு அடியில கெடக்கும். மொதச் சவாரி இருவது ரூபான்னாலும் சரி, இருநூறுன்னாலும் சரி, டப்பாவுக்கு. அந்தக் காசு என்னுது இல்ல. வண்டி வாங்குன ரெண்டாவது வருசம் ஆரம்பிச்சேன். பச்சப்பிள்ளையக் கையில வச்சுக்கிட்டு ஒரு பொண்ணு காலையில நான் போகும்போதும் வாசல்ல நின்னா, சாயந்தரம் திரும்பும்போதும் அதே இடத்துல நின்னா. "என்னம்மா"ன்னேன், பேரையூரு போகணும்னு மட்டும் சொன்னா. அன்னைக்கிப் போணிக் காசு பையில தனியா இருந்துச்சு, எடுத்துக் குடுத்தேன். மறுநாளும் தனியா வச்சேன். அப்படியே பழகிருச்சு. யாரும் சொல்லித் தரல. சாமிக்கு நேந்துக்கவும் இல்ல.

ஒன்பது வருசம். ஒரு நாள் தவறல. ஸ்டாண்டுல போணியக்கான்னே பேரு வச்சுட்டாய்ங்க. நல்ல பேருதான? எனக்குப் பெருமைதான். இல்லைன்னு ஏன் சொல்லணும்?

அதுலயும் நான் ஒரு சாமர்த்தியம் பண்ணி வச்சிருந்தேன். சொன்னாச் சிரிப்பீங்க. எங்க தெருவுல வேலுத்தாயின்னு ஒரு பூக்காரம்மா. விடியக்காலம் பூ மார்க்கெட்டுக்கு என் வண்டியிலதான் வரும். தினமும். முப்பது ரூபா. அது மொதச் சவாரி, அதுதான் போணி. அப்ப டப்பாவுக்குத் தினமும் முப்பது. கூடவும் கெடையாது, கொறையவும் கெடையாது. எப்பயாச்சும் தெருமுனையில எவனாச்சும் ஏர்போர்ட்டுன்னு கையக் காட்டுனா, "இருங்க சார், பூக்காரம்மாவ விட்டுட்டு அஞ்சு நிமிசத்துல வந்துர்றேன்"ம்பேன். ஏமாத்தா இது? இல்லண்ணே. அந்தம்மா என்னைய நம்பி நிக்குது, அதுக்கு நேரத்துக்குப் போகணும். முப்பது ரூபாய்க்காக ஒண்ணுமில்ல. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் சிரிச்சாரு.

கேளுங்க. போன வருசம் ஜூன் மாசம். என் மக யோகேஸ்வரி. லேப் டெக்னீசியன் படிப்பு, ரெண்டாம் வருசம். படிப்புல கெட்டி. ஃபீஸு பதினெட்டாயிரம். கம்மல் அடகுல போயிருச்சு, மகளிர் குழுவுல கடன் வாங்கியாச்சு, எங்க வீட்டுக்காரரு முதலாளிகிட்ட முன்பணம் வாங்கியாச்சு. அப்படியும் ரெண்டாயிரத்து ஐநூறு குறையுது. நடுவுல ஒரு நாள்தான் இருக்கு, அதுக்கு மறுநாக் காலையில பத்து மணிக்குள்ள கட்டணும், அதுதான் கடைசி நாளு. பிள்ள வாயத் தொறந்து கேக்கல. சாப்பிடாமப் படுத்துக்கிருச்சு. அதுக்குக் கேட்டிருந்தாக்கூடத் தேவல.

அன்னைக்கிப் பாத்து லாட்ஜ் மேனேஜர் ஃபோன் போடுறாரு. கும்பகோணத்துக் குடும்பம் ஒண்ணு, அழகர்கோயிலு, பழமுதிர்சோலை, திருப்பரங்குன்றம், நாள் முழுக்கச் சுத்திக் காட்டணும், ரெண்டாயிரத்து ஐநூறு தர்றாங்க, காலையில ஏழு மணிக்கு வந்துரும்மான்னு. எண்ணி ரெண்டாயிரத்து ஐநூறு! எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுருச்சு. மீனாட்சியே லாட்ஜ்ல ரூம் போட்டுக் குடுத்த மாதிரி இருந்துச்சு.

விடியக்காலம் எந்திரிச்சு வேலுத்தாயி வீட்டு வாசல்ல ஹாரன் அடிக்கிறேன். ஆளக் காணோம். பக்கத்து வீட்டுல எட்டிப் பாத்து, "அது மகன் வீட்டுக்குத் திருப்பூரு போயிருச்சே, நேத்தே போயிருச்சே"ங்கிறாங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாருங்க. ஒன்பது வருசமாக் கூட்டிட்டுப் போறவகிட்ட ஒரு வார்த்த!

இப்ப வெளங்குதா உங்களுக்கு? பூக்காரம்மா இல்லைன்னா கும்பகோணந்தான் மொதச் சவாரி. ரெண்டாயிரத்து ஐநூறும் போணி. அப்படியே டப்பாவுக்கு.

மார்க்கெட்டப் பாக்க ஒரு ரவுண்டு அடிச்சேன். ஒருத்தன் கையக் காட்டணுமே? மத்த நாள்ல சந்துக்குச் சந்து நிப்பாய்ங்க. அன்னைக்கி ஒரு ஈ காக்கா இல்ல. ஆறே முக்காலாயிருச்சு. ஸ்டாண்டுக்கு வந்தேன். குருசாமி அண்ணன் வண்டியத் தொடச்சுக்கிட்டு நிக்கிறாரு. "அண்ணே, வண்டியில ஏறுங்க"ன்னேன்.

"எங்கடி?"

"பிள்ளையார் கோயில் முக்கு வரைக்கும்."

"எனக்கெதுக்குடி சவாரி? என் வண்டிதான் இந்தா நிக்குதே."

"ஏறுங்கண்ணே, கேள்வி கேக்காதீங்க."

ஏறிட்டாரு. தொடைக்கிற துணியோட ஏறி ஒக்காந்துட்டாரு. முக்குல கொண்டு போயி நிப்பாட்டி, "பத்து ரூபா குடுங்க"ன்னேன். முழிச்சாரு. பைக்குள்ள கைய விட்டு ஒரு பத்து ரூபாத் தாளக் குடுத்தாரு. வாங்கிக் கண்ணுல ஒத்தி டப்பாவுல போட்டேன். போணி முடிஞ்சுது. அவர அங்கயே எறக்கி விட்டுட்டு நான் லாட்ஜுக்கு ஓடிட்டேன். அந்த மனுசன் துணியத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்து வந்தாராம். ஸ்டாண்டே சிரிச்சிருக்கு.

தப்பா அது? நீங்க சொல்லுங்க. மொதச் சவாரி எதுவோ அது போணி. ஆளு ஏறுனாரு, எறங்குனாரு, காசு குடுத்தாரு. சட்டப்படி எல்லாம் சரியாத்தான் இருக்கு. பிள்ள ஃபீஸுக்கு வச்ச காச எடுத்து ஊரான் பிள்ளைக்குக் குடுத்தா என்னைய யாரு மெச்சுவா? என் மக மெச்சுவாளா? நான் பெத்தவ. எனக்கு அதான் மொதக் கடமை. இப்ப இருந்தாலும் அதத்தான் செய்வேன்.

செய்வேன்னு நெனைக்கிறேன்.

சரி, கும்பகோணத்துக்காரங்க நல்ல மனுசங்க. சாப்பாடு வாங்கிக் குடுத்தாங்க. அஞ்சு மணிக்கு லாட்ஜுல விட்டேன். ஐநூறு ரூபாத் தாளா அஞ்சு தாளு. காக்கிச் சட்டைப் பையில வச்சு மேல பட்டனப் போட்டுக்கிட்டேன். நேரா வீட்டுக்குப் போயிருக்கணும். ஒன்பது வருசப் பழக்கம் பாருங்க, வண்டி தானா ஆஸ்பத்திரி வாசல்ல போயி நின்னுச்சு. அஞ்சு மணிக்குத்தான் சீட்ட வாங்கிக்கிட்டு வெளிய வருவாங்க.

ஒரு பெரியவரு. எழுவது இருக்கும். வாச்மேன் என் வண்டியக் கைய நீட்டிக் காட்டுறான். வந்தாரு. "தாயி, ஊருக்குப் போகக் காசு குடுக்கிற பிள்ள நீதானா?"ன்னாரு.

"எந்த ஊருய்யா?"ன்னேன்.

"நத்தம் தாண்டி, உள்ள போகணும். எம் பொஞ்சாதி தாயி. இனிமே ஆஸ்பத்திரியில வச்சு ஒண்ணுமில்ல, வீட்டுல வச்சுப் பாத்துக்கங்கன்னுட்டாக. பஸ்ஸுல ஒக்கார மாட்டா. படுக்க வச்சுக் கொண்டு போகணும். வண்டிக்காரன் ரெண்டாயிரம் கேக்குறான்."

அங்க செவுத்தோரமா அந்தம்மா படுத்திருக்கு. சேலைய மடிச்சுத் தலைக்கு வச்சிருக்கு. எலும்பும் தோலுமா. கண்ணு மட்டும் என்னையப் பாக்குது.

டப்பாவத் தொறந்தேன். முந்தின நாளுதான் ஒரு குடும்பத்துக்குத் தொடச்சுக் குடுத்திருந்தேன். உள்ள பத்து ரூபாதான் கெடக்குது. குருசாமி அண்ணன் குடுத்த அந்தத் தாளு.

பையில இருக்கு. சட்டைப் பையில பொடச்சுக்கிட்டு இருக்கு. அவரு பாத்தாரு. பாத்துட்டுக் கண்ண வேற பக்கம் திருப்பிக்கிட்டாரு. நான் கைய வச்சு மறைச்சேன். "நாளைக்கிப் பிள்ளைக்கு ஃபீஸு கட்டணும்யா"ன்னேன். அவரு கேக்கவே இல்ல. நானாச் சொன்னேன். அந்தப் பத்து ரூபாய எடுத்து நீட்டுனேன். ரெண்டு கையையும் சேத்து வச்சு வாங்கிக்கிட்டாரு.

நீயே கூட்டிட்டுப் போயிருக்கலாமேன்னு கேக்குறீங்க. கேளுங்க. வாய்க்குள்ளயே வச்சிருக்காதீங்க. ஆட்டோவுல படுக்க வைக்க முடியாதுண்ணே. சீட்டு எம்புட்டு நீளம் இருக்குன்னு நீங்களே பாருங்க. மடக்கிப் படுக்க வைக்கலாம். வைக்கலாம்ணே. பிரசவ வலியில எத்தன பேர அப்படிக் கொண்டாந்து சேத்திருக்கேன். நாப்பது கிலோமீட்டரு. போக வர நூத்தம்பது, இருநூறு ரூபா பெட்ரோலு. காசு குடுக்க வேணாம், கொண்டு போயி விட்டிருந்தாலே போதும். அது எனக்கு அங்க நிக்கும்போது தோணல. சத்தியமாத் தோணல. கையில ஃபீஸ் காசு இருக்கு, எவனாச்சும் புடுங்கிட்டுப் போயிருவானோன்னுதான் இருந்துச்சு. வீட்டுக்கு வந்து சட்டையக் கழட்டும்போதுதான் தோணுச்சு. அப்பவும் மணி ஆறரைதான். திரும்பிப் போயிருக்கலாம். போகல. உலை வச்சுட்டேன்.

மறுநா ஒன்பதரைக்கே காலேஜுல போயி நிக்கிறோம், நானும் யோகேஸ்வரியும். அந்த கிளார்க்கு கண்ணாடியத் தூக்கி விட்டுக்கிட்டு என்ன சொன்னான் தெரியுமா? "கடைசித் தேதிய ஒரு வாரம் தள்ளி வச்சிருக்கோமேம்மா, நோட்டீஸ் போர்டப் பாக்கலையா?" ஒரு வாரம்! எனக்கு வந்த ஆத்திரத்துல கவுண்டரத் தட்டிச் சண்டை போட்டேன். "அத முந்தாநாளே சொல்லித் தொலைச்சா என்ன?"ன்னு. அந்தாளுக்கு ஒண்ணும் புரியல. தேதி தள்ளி வச்சதுக்குச் சண்டை போடுற ஆத்தாவ அவன் பாத்திருக்க மாட்டான். யோகேஸ்வரி கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துருச்சு.

ஸ்டாண்டுல அதுக்குள்ள குருசாமி அண்ணன் போணிக் கதையப் பரப்பிட்டாரு. நான் போயி எறங்கவும் ஒருத்தன், "அக்கா, எனக்கும் ஒரு ரவுண்டு, பிள்ளையார் கோயிலு"ங்கிறான். இன்னொருத்தன் பத்து ரூபாய ஆட்டுறான். நான் விடுவேனா? நாக்கப் புடுங்குற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். "ஒன்பது வருசமா நான் குடுக்கிறேன்டா, நீங்க எவன்டா ஒரு ரூபா குடுத்திருக்கீங்க? பேச வந்துட்டாய்ங்க"ன்னேன். எல்லாவனும் தலையத் தொங்கப் போட்டுட்டான். குருசாமி அண்ணன் மட்டும் தொடச்சுக்கிட்டே, நிமிந்துகூடப் பாக்காம, "அந்தப் பத்து ரூபா என்னோடதுல்ல? நேத்து நீ எங்கடி குடுத்த?"ன்னாரு.

அன்னைக்கி மத்தியானமே வண்டிய வீட்டுக்கு விட்டுட்டேன். ஸ்டாண்டுல பயந்துட்டாய்ங்க, ஒச்சம்மாவுக்கு ஒடம்புக்கு என்னமோன்னு.

எட்டு நாளு அந்த ஆஸ்பத்திரி வாசப் பக்கமே போகல. சுத்திப் போனேன். பயமெல்லாம் இல்லண்ணே. யாருக்கு நான் பயப்படணும்? பெட்ரோல் செலவுதான் கூட. ஒன்பதாவது நாளு, ஏலச்சீட்டு ஒண்ணு பாதியில கெடந்துச்சு, அன்னைக்கித்தான் ஏலம், கொறைச்சுக் கேட்டு அதத் தள்ளி எடுத்தேன். தள்ளுன கசரு போக மூவாயிரம் சில்லறை வந்துச்சு. அதுல மூவாயிரத்த எடுத்துக்கிட்டு வாச்மேன்கிட்டப் போயி, "அன்னைக்கி ஒரு நத்தத்துப் பெரியவரு, எந்த ஊருய்யா அவரு?"ன்னு கேட்டேன். நல்ல வேளை, ஊரச் சொல்லியிருந்திருக்காரு அவன்கிட்ட. வண்டிய எடுத்துட்டுப் போனேன். எங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லல. சவாரின்னு சொன்னேன்.

வழி நெடுகப் பேசிக்கிட்டே போனேன், எனக்குள்ளயே. அவரு திட்டுனா என்ன சொல்றதுன்னு. "காச வச்சுக்கிட்டு இல்லைன்னியே பாவி"ன்னா, "எனக்கும் பிள்ள இருக்குய்யா"ன்னு சொல்லணும். "ஒன் வண்டியிலயாச்சும் கூட்டியாந்திருக்கலாமே"ன்னா, "பெர்மிட்டு இல்லைய்யா"ன்னு சொல்லணும். எல்லாத்துக்கும் பதிலு வச்சிருந்தேன். ஒரு கேள்விக்கு மூணு பதிலு. நான் வாயில தோத்ததா சரித்திரமே இல்லண்ணே.

ஊருக்குள்ள போயி விசாரிச்சதும் ஒரு பய கையக் காட்டுனான். வாசல்ல கொட்டகை பிரிச்ச குழி அப்படியே மூடாமக் கெடக்குது. அப்பவே தெரிஞ்சுருச்சு. அந்தம்மா போயி நாலு நாளாயிருக்கு.

பெரியவரு என்னையப் பாத்ததும் எந்திரிச்சுட்டாரு. அடையாளம் தெரிஞ்சிருச்சு. வீட்டுக்குள்ள பாத்து, "ஏத்தா, இந்தா வந்திருக்கு பாருங்க, மதுரையில எனக்குக் காசு குடுத்த பிள்ள, சொன்னேன்ல, இதுதான்"ங்கிறாரு. உள்ள இருந்து மகளும் மருமகளும் வந்து என்னையக் கும்பிடுறாங்க. என்னையக் கும்பிடுறாங்கண்ணே! கட்டிலத் தட்டி விட்டு ஒக்காரச் சொல்றாங்க.

பஸ்ஸுக்கு மட்டும் காசு முடிஞ்சு வச்சிருந்திருக்காரு, கடைசிச் சீட்டுல மடியில போட்டுக் கொண்டாந்தாராம். கண்டக்டர் ரொம்பச் சத்தம் போட்டானாம், அப்பறம் அவனே எடம் ஒதுக்கிக் குடுத்தானாம். பஸ் ஏறுறதுக்கு முன்னாடி அந்தப் பத்து ரூபாய்க்கு ஒரு டீ வாங்கியிருக்காரு. ரெண்டு நாளா எது குடுத்தாலும் வேணாம்னு தலைய ஆட்டுன மனுசி, அந்த டீய மட்டும் ஊதி ஊதிக் குடுக்கக் குடுக்க முழுசும் குடிச்சிருச்சாம். "நல்லாருக்கு"ன்னு சொல்லுச்சாம். அதுக்கப்புறம் வாயத் தொறக்கலையாம். இதச் சொல்லிட்டு, "ஒன் புண்ணியந்தான் தாயி"ங்கிறாரு.

என் புண்ணியமா? குருசாமி அண்ணன் காசுண்ணே அது. அதையும் சொல்ல முடியல எனக்கு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். திட்ட வேண்டியதுதான? காறித் துப்ப வேண்டியதுதான? நான் அம்புட்டுப் பதிலு வச்சிருந்தேன்ல, எல்லாம் வீணாப் போச்சுல்ல? மூவாயிரத்த எடுத்துக் கட்டில்ல வச்சேன். "வச்சுக்கங்கய்யா"ன்னேன். சண்டைக்காரி மாதிரிதான் சொன்னேன். எடுத்து எங்கையிலயே திருப்பிக் குடுத்துட்டாரு. "அவளே போயிட்டா, இனிமே எனக்கு எதுக்கு வண்டிக் காசு? அங்க எவளாச்சும் படுத்திருப்பா, அவளுக்குக் குடு"ன்னாரு.

அந்த மூவாயிரந்தான் குருசாமி அண்ணங்கிட்ட இருக்கிற கணக்குல மொதப் பணம். இன்சூரன்ஸ் கட்டுறதுக்கு நாலு நாள் இருக்குண்ணே, ராப்பகலா ஓட்டுனாக் கட்டிருவேன். கட்டலைன்னா வண்டி நிக்கும், நிக்கட்டும். அந்தக் காசுல கை வைக்க மாட்டேன். எங்க வீட்டுக்காரரு கத்தட்டும், ஸ்டாண்டு சிரிக்கட்டும், நீங்களும் சிரிங்க.

ஆனா நான் அங்க இருந்து எந்திரிக்கும்போது ஒண்ணு கேட்டாரு பாருங்க அந்தப் பெரியவரு. குத்திக் காட்டணும்னு கேக்கல. கண்ணப் பாத்தேன், சத்தியமா அப்படி இல்ல. நம்ம வீட்டுப் பெரியவங்க கேப்பாங்கல்ல, அப்படிக் கேட்டாரு.

"பிள்ளைக்கு ஃபீஸு கட்டணும்னியே தாயி. கட்டிட்டியா?"

கட்டிட்டேன்யான்னேன்.

"அப்பச் சரி"ன்னாரு. நெசமாவே சந்தோசப்பட்டாரு. மருமகளத் திரும்பிப் பாத்து, "பிள்ள வெயில்ல வந்திருக்கு, ஒரு டீயப் போட்டுக் குடு"ன்னாரு.

குடிச்சேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க என்னைய?